எங்கள் வீட்டின் மூன்று ஓய்வுநாட்கள்

குவைத்தில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையன்று வரும். வந்த புதிதில் ஊருக்கு போன் செய்து இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. நாட்டின் விடுமுறை வெள்ளி என்பதால் ஆராதனையும் வெள்ளிதான். பல மொழிச் சபைகள் ஒரே வளாகத்தை மணிக்கணக்கில் பங்கு போட்டுக்கொள்கின்றன. மலையாளிகள் முடித்து வெளியே வருவார்கள், தெலுங்கர்கள் உள்ளே போவார்கள், பிலிப்பினோக்கள் கிதாரோடு படியில் காத்திருப்பார்கள். தமிழர்களுக்குப் பிற்பகல் நேரம். பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பின் பெயர் அங்கேயும் ‘சண்டே ஸ்கூல்’தான். வெள்ளிக்கிழமை சண்டே ஸ்கூல் போகும் பிள்ளைகளில் ஒன்றுகூட இதில் ஏதோ இடிக்கிறதே என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. போதகர் சில சமயம் வாய்தவறி “இந்தப் பரிசுத்த ஞாயிறிலே” என்று ஜெபத்தைத் தொடங்குவார். நாங்களும் ஆமென் சொல்லி வைப்போம். நிஜமான ஞாயிறு வரும்போது நான் பம்ப் ரிப்பேர் செய்யும் பட்டறையில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருப்பேன்.

முதல் வருஷம் ஈஸ்டருக்கு ஒருநாள் லீவு கேட்டேன். எங்கள் ஃபோர்மேன் எகிப்துக்காரர், நல்ல மனிதர். எனக்கு அப்போது தெரிந்த அரபு பத்துச் சொல். “அஹத், கனீஸா, இஜாஸா” என்றேன். ஞாயிறு, கோயில், விடுமுறை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உன் கோயில் வெள்ளி, ஜும்ஆ அன்று. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாரா வாரம் பஸ் ஏறுகிறாய், நான் பார்க்கிறேன். அஹத்தில் என்ன கோயில்?” என்றார். அதுதான் அசல், வெள்ளி மாற்று ஏற்பாடு என்று விளக்கப் பார்த்தேன். அசல், போலி என்ற இரண்டு சொற்களும் அரபியில் எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வழியாக மட்டுமே தெரியும். அவற்றை வைத்துச் சொன்னதில், நான் வாராவாரம் போலிக் கோயிலுக்குப் போகிறேன் என்று அவருக்கு அர்த்தமாகிவிட்டது. லீவு கிடைக்கவில்லை. பெருநாள் என்ற பொருளில் ‘ஈத்’ என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாராம். பின்னால் அவரே சொன்னார்.

கோயமுத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் அப்பாவின் நாள். மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். மில்லுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. வார விடுமுறை ஆளுக்கொரு கிழமையில் விழும். அப்பாவுக்கு அது புதனில் விழுந்தது. ஞாயிறு காலை கோயிலில் உட்காருவதற்காகத் தன் புதனை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, சனி இரவு அவருடைய மூன்றாம் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்து, கண் சிவந்து வந்து குளித்து, வேட்டி கட்டி, முன்வரிசையில் உட்காருவார். பாதிப் பிரசங்கத்தில் தலை சாய்ந்துவிடும். அம்மா முழங்கையால் இடிப்பாள். அந்த நாளை அவருக்கு யாரும் சும்மா கொடுக்கவில்லை. அதனால்தான் ஞாயிறன்று கடைக்குப் போவதையோ துணி துவைப்பதையோ அவரால் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

என் மனைவி சுகந்தி வீட்டு முன்னறையில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறாள். நான் இங்கே வந்த பிறகு அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது, மகளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியது, அப்பாவுக்கு வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்தது எல்லாம் அவள்தான். மூன்று வருஷம் முன்பு, ஒண்டிப்புதூரில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் ஒரு சிறு சபைக்குப் போக ஆரம்பித்தாள். தைத்த துணி வாங்க வந்த ஒரு பெண் அழைத்துப் போனதாகச் சொன்னாள். முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வெள்ளி சூரியன் இறங்கியதும் மெஷினை மூடி, அடுப்பை அணைத்து, போனையும் அணைத்து வைத்தாள். சனி மாலைவரை திறப்பதில்லை.

அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. மற்ற நாட்களில் நான் அறைக்கு வரும்போது ஊரில் ஒன்பதரை தாண்டியிருக்கும். “சாப்ட்டீங்களா, சாப்ட்டேன்” என்பதோடு சரி. வெள்ளி பகலில் கூப்பிட்டால் மெஷின் சத்தத்துக்கு நடுவே, “அப்பறம் பேசறனுங்க, டெலிவரி நிக்குது” என்பாள். ஆராதனை முடிந்து, வளாகத்துச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்து நான் பேசும் அந்த ஒரு மணி நேரம்தான் பல வருஷமாக எங்கள் குடும்ப வாழ்க்கை. ஆனால் இங்கே ஆராதனை முடிகிறபோது, இரண்டரை மணி நேரம் முந்திய கோயமுத்தூரில் சூரியன் இறங்கிவிடுகிறது. என் ஓய்வுநாளின் முடிவும் அவள் ஓய்வுநாளின் தொடக்கமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டன. நான் கூப்பிடுவேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு குரல் தமிழில் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு பஸ் ஏறுவேன்.

அப்பா மட்டும் எடுப்பார். எடுத்தால் ஒரே பேச்சு. “கண்ணு, நான் கோயல்ல இருந்து வாரேன், ஊட்டுக்குள்ள மெஷினு கடகடன்னு ஓடுது. ஞாயித்துக்கெழமை! பக்கத்தூட்டுக்காரங்க கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?” சனிக்கிழமை சுடுசோறு கிடையாது, ஆறின புளிச்சோறுதான் என்பதும் அவருக்கு வருத்தம். ஆனால் அதைச் சொல்லமாட்டார். “மத்தியானம் மெஸ்ஸுல தின்னுபோட்டு வந்துட்டேன்” என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்.

இந்தமுறை லீவில் போகும்போது, இதைப் பேசி முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன். விமானத்தில் வாக்கியங்களைக்கூட அடுக்கினேன். வியாழன் இரவு போய்ச் சேர்ந்தேன். வெள்ளி காலை உடம்பு தானாக எழுந்து குளித்து வெள்ளைச் சட்டையைத் தேடியது. வெளியே தெருமுழுக்க லேத் பட்டறைகள் இரைந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. எல்லாரும் வேலை நாளில் இருக்க, நான் மட்டும் யாருக்கும் தெரியாத ஒரு விடுமுறையில் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். சுகந்தி எட்டிப் பார்த்து, “ஏனுங்க, எங்கீங்க கெளம்பறீங்க?” என்றாள். எங்கேயும் இல்லை என்றேன்.

அன்று முழுக்க அவள் ஓடியதைப் பார்த்தேன். இரண்டு நாளுக்கான சமையல், காத்திருக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் காஜா, அப்பாவின் சனிக்கிழமை மாத்திரைகளை எடுத்துக் கிண்ணத்தில் வைப்பது. மாலையில் மெஷினுக்குமேல் துணியைப் போர்த்தினாள். நானும் அவளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த அந்த மாலையில், அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதை எடுத்தேன்.

“அப்பா சங்கடப்படறாரு சுகந்தி. நாளு மாறுனா சாமி மாறிருமா?”

“நீங்க வெள்ளிக்கெழமை கும்புடறீங்களே, மாறிப்போச்சுங்களா?” என்றாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

“அது நாட்டுச் சட்டம். எங்களுக்கு வேற வழியில்ல.”

“ஏழாம் நாளுன்னு கட்டளையில இருக்குதுங்க. அதை மாத்தச் சொல்லி ஆரும் சொல்லலீங்களே. நானாச்சும் அதைப் பாத்துச் செய்யறனுங்க. நீங்க முதலாளி குடுத்த நாளுக்குச் செய்யறீங்க.”

கர்த்தர் உயிர்த்தெழுந்த ஞாயிறைத்தான் ஆதி விசுவாசிகள் கொண்டாடினார்கள் என்று என்னிடம் ஒரு பதில் இருந்தது. எல்லா நாளும் கர்த்தருடையதே, கிழமையைப் பிடித்துத் தொங்கவேண்டாம் என்று எங்கள் வெள்ளிக்கிழமைப் போதகர் சொல்லும் பதிலும் இருந்தது. இரண்டையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “நாளைக்கு வந்து பாருங்க. வரலீன்னாலும் பரவால்லீங்க” என்றாள்.

போனேன். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாடியில் நீளமான கூடம். முப்பது பேர் இருக்கலாம். பாட்டு, ஜெபம், நீண்ட பாடம். தவறு கண்டுபிடிக்கிற காதோடுதான் உட்கார்ந்திருந்தேன், சிலதைக் கண்டுபிடிக்கவும் செய்தேன். பிறகு எல்லாரும் கொண்டுவந்த ஆறின சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டதும் பெண்கள் கூடத்தின் ஒரு பக்கமாகப் பாய் விரித்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது சுகந்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் ஞாயிறுகளை நினைத்துப் பார்த்தேன். விடிய எழுந்து இட்லி, கோயில், வந்ததும் கறிக்குழம்பு, மத்தியானம் ஒறம்பரை என்று வரும் சொந்தக்காரர்கள், அவர்களுக்குக் காப்பி, பாத்திரம், மாலையில் கோயிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். நானும் அப்பாவும் பிரசங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கண்ணயர்ந்த மதியங்களில் எல்லாம் அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓய்வுநாளை எங்கள் வீட்டு ஆண்கள் அனுசரித்தோம். அதை நடத்திக் கொடுத்தது அவள். இப்போது வாய் லேசாகத் திறந்து, ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல்கள் தளர்ந்து, யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற தைரியத்தில் கிடக்கிறாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், “ஏன் இங்க வர ஆரம்பிச்ச?” என்று மட்டும் கேட்டேன்.

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். “கட்டளைக்காகத்தானுங்க. அதுல பொய்யில்லீங்க. ஆனா, ஒரு நாளு ஆரும் என்னைக் கூப்புடக் கூடாதுன்னு சாமியே சொல்லிப்போட்டாருன்னா, அதைத் தாண்டி ஆரு வந்து கூப்புடுவாங்க, சொல்லுங்க? நானாச் சொன்னா நடக்குங்களா?”

ஞாயிறன்று அப்பாவோடு கோயிலுக்குப் போனேன். என் உடம்புக்கு அது வேலை நாள். முழங்கால் போடும்போதுகூடக் கை எதையாவது முறுக்கத் தேடியது. ஆராதனை முடிந்ததும் அப்பா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

“இங்க எனக்கு எடம் இருக்குது, கண்ணு. உனக்கும் இருக்குது. சுகந்தி பேரு நம்ம சபையில இல்லீன்னா அவளுக்கு இங்க எடங் குடுக்கமாட்டாங்க. நீ ஒரு பக்கம், அவ ஒரு பக்கம் கெடப்பீங்களா? இப்பவே அப்பிடித்தானே இருக்கறீங்க. செத்தும் அப்பிடியா?”

இவ்வளவு நாள் அவர் கோபப்பட்டது மெஷின் சத்தத்துக்காக அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. அவள் கூடத்தில் தூங்கியதைச் சொன்னேன். வேறு எதையும் சேர்க்காமல், பார்த்ததை மட்டும் சொன்னேன்.

அப்பா, “பகல்லயா?” என்றார்.

“ஆமாங்ப்பா.”

“மூணாம் ஷிப்டு முடிச்சு வந்து நான் கோயல்ல தூங்குவனே, அந்தாட்டமா?”

“அந்தாட்டந்தானுங்ப்பா.”

அவர் மனம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. சனிக்கிழமை வழி தவறு என்றுதான் இன்றும் சொல்கிறார், அவளுக்காக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறார். ஆனால் அடுத்த சனிக்கிழமை யூனிபார்ம் கேட்டு ஒரு அம்மாள் வந்து நின்றபோது, நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் அப்பாதான். “அம்மணி இன்னிக்கு இல்லீங்க. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாங்க” என்று அனுப்பிவைத்தார். அன்று மெஸ்ஸுக்கும் போகவில்லை. புளிச்சோற்றைத் தானே போட்டுக்கொண்டார். சுகந்தி ஞாயிறன்று அவர் தூங்கி எழும்வரை மெஷினைத் தொடுவதில்லை. இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

திரும்பி வந்துவிட்டேன். சுகந்தி வெள்ளியன்று முன்கூட்டியே வேலையை முடித்து, சூரியன் இறங்குவதற்குமுன் எனக்காக அரைமணி நேரம் ஒதுக்குகிறாள். அது இங்கே பிரசங்க நேரம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் நான் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். போதகர் ஒருமுறை தனியாக அழைத்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். வீட்டில் பேசவேண்டும் ஐயா என்றேன். ஆராதனை முடிந்து பேசலாமே தம்பி என்றார். அந்த நேரத்தில் அங்கே நாள் மாறிவிடும் ஐயா என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

ஒரு கிறிஸ்தவன் ஓய்வுநாளை அனுசரிக்கத்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த நாளை என்று ஊரிலிருந்தும் இங்கிருந்தும் நண்பர்கள் கேட்கிறார்கள். வாதங்கள் எனக்கு எல்லாப் பக்கமும் தெரியும், களைப்பாக இருக்கிறது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். சனிக்கிழமையை அரபியில் ‘சப்த்’ என்கிறார்கள், ஓய்வு என்ற அதே பழைய சொல். அந்த சப்த் நாளில் பட்டறையில் எனக்கு வேலை அதிகம். காலை பதினொன்றரைக்கு, ஊரில் மணி இரண்டாகும்போது, தேய்ந்த ஷாஃப்டைக் கிரைண்டிங் மெஷினில் மாட்டி, சுவிட்சில் கை வைப்பேன். ஒண்டிப்புதூர் மாடியில் இப்போது சாப்பிட்டு முடித்திருப்பார்கள், பாய் விரித்திருப்பார்கள். நடுவில் ஒரு கடலே இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் சத்தம் போட மனம் வராமல், கையை எடுக்காமல், சுவிட்சையும் போடாமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுகிறேன்.