தோளில் ஏறிய ஊசி

எஸ்டேட் லாரி ஓட்டிய என் கணவர், ஒருநாள் குடித்துவிட்டு என் வலது கையை முறுக்கினார். அதன்பின் பல வருடங்கள் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை. எந்த மாத்திரைக்கும் வலி கேட்கவில்லை.

எண்பதுகளில் ஏற்காட்டுக்கு அக்குபஞ்சர் டாக்டரம்மா ஒருவர் வந்தார். தோளில் ஊசிகளைச் செருகியபடி, "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்றார்.

"வழுக்கி உழுந்துட்டனுங்க."

என் கழுத்திலிருந்த விரல் தடங்களைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த ஊசியை எடுத்தார்.

சில வாரங்களில் வலி வெகுவாகக் குறைந்தது. ஒரு மாலை, குழம்பில் உப்பில்லை என்று கணவர் விறகுக்கட்டையை ஓங்கினார். என் வலது கை சட்டென்று மேலே போய் அதைப் பிடித்துவிட்டது. பிடுங்கி அவர் முழங்காலில் பலங்கொண்ட மட்டும் அடித்தேன். அலறிக்கொண்டு சரிந்தார்.

"ஏனுங்க, நொம்ப வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

பிறகு அவர் என்மேல் கை வைக்கவே இல்லை. அந்த வைத்தியம் எல்லாருக்கும் பலிக்குமா, தெரியாது. அடித்ததற்காக மட்டும் நான் இதுவரை வருந்தியதில்லை.