விற்பனைக் குழுவில் நானும் ஒருவன்

ஒரு யானைப் பொம்மையின் விளக்க வரிக்காக, என் மகள் வயதுள்ள பெண்ணைப் பார்த்து வயிறெரிந்தவன் நான்.

எங்கள் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கேட்டலாக்குக்கு வர்ணனை எழுதுவது என் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் எந்தக் குழு எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுப்பவனும் நானே. யானைக்கு, “கம்பீரமே பீங்கானாக உறைந்ததோ” என்று தொடங்கி நான்கு வரி எழுதியிருந்தேன். பெண்ணாடத்திலிருந்து வரும் விற்பனைப் பெண் அதை அழித்துவிட்டு, “தும்பிக்கை சீக்கிரம் உடையாது” என்று போட்டாள். முதலாளி ரசித்துச் சிரித்தார். என் வரிகளுக்கு அவர் தலைகூட அசைத்ததில்லை.

கேட்டலாக் அச்சுக்குப் போகும் நாளன்று காலையில், விற்பனைக் குழுவுக்கு அந்த ஃபோல்டரில் ‘மறுப்பு’ என்று டிக் அடித்தேன். இனி அவள் கைவைக்க முடியாது. நிம்மதியாக என் வரிகளைத் திரும்ப வைக்கப் போனால், எனக்கும் அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர். பெருமைக்காக எல்லாக் குழுவிலும் என் பெயரைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு குழுவுக்கு மறுத்துவிட்டால், அதில் இருப்பவனுக்கு மற்றக் குழுக்கள் வழியாகக் கிடைத்த அனுமதியும் செல்லாது.

பின்னால் வந்து நின்ற அவள் திரையைப் பார்த்துவிட்டாள். பொய் எதுவும் தோன்றாததால் உண்மையைச் சொன்னேன்.

“என்னய பூட்டணும்னா சொல்லியிருக்கலாமே சார்,” என்றாள். “மொதலாளிதான் திருத்தச் சொன்னாருங்க. அவ்ளோ நீளத்த படிக்க எனக்கு மட்டும் ஆசையா?”