ஊசிக்குப் பயந்த காவடிக்காரன்

வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அலகு குத்திக் காவடி எடுக்கிறவன் நான். கன்னத்தில் வேல் ஏறும்போது முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் கிளினிக்கில் நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தாலே நான் கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவேன். சாமி காரியம் வேறு, இது வேறு என்பேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர்ட் கிள்ளானில் நான் வேலை பார்த்த கிடங்கில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர், நிதானமாகப் பேசினார்.

"சாதாரணக் கட்டியோ, புற்றுநோயோ எண்டு எக்ஸ்ரேயில சொல்லேலாது. சிடி ஸ்கேன் எடுத்துப் பாப்பம். அதிலயும் தெரியாட்டி, ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுக்க வேணும்."

"எவ்ளோ பெரிய ஊசி டாக்டர்?" என்றேன்.

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அவரு என்ன சொல்றாரு, நீங்க என்ன கேக்கறீங்க? வேல் குத்திக்கிற ஆளுக்கு வெக்கமா இல்ல?"

ஸ்கேன் மெஷின் ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய உளுந்து வடை போல இருந்தது. "இன்னிக்கி ஊசி இல்ல லா அங்கிள், மூச்ச மட்டும் புடிங்க," என்றாள் அதை இயக்கிய பெண். ஊசி இல்லாத சந்தோஷத்தில் நான் பிடித்த பிடியில், "விடுங்க அங்கிள், விடுங்க," என்று அவள் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"ஓரம் முள்ளு முள்ளா இருந்தா யோசிக்க வேணும். இது வழுவழுப்பா இருக்கு. நடுவில வெள்ளையாத் தெரியிறது சுண்ணாம்புச் சத்து. எப்பவோ வந்த கிருமி ஆறின தழும்பு. புற்றுநோய் இல்லை."

"அப்ப ஊசி?"

"தேவையில்லை. சிகரெட்டை விடுங்கோ, அது போதும்."

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவை ரசம் வாங்கினேன். மனைவி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒன்னுமில்ல, சாப்பிடுங்க," என்றாள்.

அடுத்து வந்த தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் அலகு குத்த உட்கார்ந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். இடுப்பு வரை இருந்த முடி இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தாள்.

"என்னம்மா இது?"

"நீங்க ஊசியப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு வேற பயம். அத யார்கிட்ட சொல்றது? முருகன்கிட்ட சொன்னேன்."

வேல் ஏறியது. என்றும் இல்லாமல் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வலிக்குதா அண்ணே?" என்று உறுமி மேளக்காரர் குனிந்து கேட்டார். வாயில் வேல் இருந்ததால், இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.