சீர்த்தட்டில் வந்த ரெய்டு கார்டு

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் மோதிரம் போடுவார்கள், வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு அவற்றோடு ஒரு ரெய்டு கார்டும் கொடுத்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பட்டு வேட்டி, அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. உறையின் நான்கு மூலையிலும் மாமியார் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருந்தார். கூடத்தில் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும்?

நான் சிதம்பரத்துக்காரன். மேல வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு, வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. கல்யாணங்களுக்குப் போய் வீடியோ எடுப்பேன், வந்து உட்கார்ந்து எடிட் செய்து கொடுப்பேன். அந்த வருடம் ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு கம்ப்யூட்டரில் இருந்த டிஸ்க் செத்துப்போனது. நல்லவேளையாக அதிலிருந்த கல்யாணங்களையெல்லாம் கொடுத்து முடித்திருந்தேன். ஆனாலும் இனி இப்படி விடக்கூடாது என்று ரெய்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

பல டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை செய்ய வைத்து, ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி செய்வதுதான் ரெய்டு. இதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படியும் செய்யலாம். தனியாக ஒரு கார்டை வாங்கிச் செருகி அதன் பொறுப்பில் விடவும் செய்யலாம். நான் வந்து சேர்ந்த முடிவு, கார்டே வேண்டாம் என்பது. இரண்டு டிஸ்க், இரண்டிலும் அதே படங்கள், மூன்றாவதாக ஒன்றில் நகல் எடுத்து அலமாரியில் வைத்துவிடுவது. என்னைப் போன்ற ஆளுக்கு அதுவே தாராளம். ஆனால் என் மனைவி, எதையும் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க மாட்டாதவள், "அவரு எந்நேரமும் ரெய்டு கார்டப் பத்தியே படிச்சிகிட்டு இருக்காருப்பா" என்று கடலூருக்குப் போனில் சொல்லிவிட்டாள். மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாமாவுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் கடை. ஒரு காலத்தில் மாவட்டம் முழுக்க, திட்டக்குடி வரைக்கும், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தவர். நான் பெண் பார்க்கப் போன சமயத்திலேயே கடையில் பாதி ஷெல்ஃப் காலியாக இருந்தது. காரணம் ஆன்லைன். அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது.

தீபாவளிக்கு மறுநாள் மெதுவாக ஆரம்பித்தேன். "மாமா, இது பெரிய சர்வர் மிஷினுக்கு உள்ளதாச்சே..."

"சர்வர்ல வேல பாத்தது மாப்ளே. நம்ம கம்ப்யூட்டர்ல சும்மா காலாட்டிகிட்டு ஒக்காந்துருக்கும். புடிக்கலன்னா சொல்லுங்க, மாத்திக்கலாம். நம்ம கடதான, நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்று கையோடு கடைக்கு அழைத்துப் போனார்.

மேஜைமேல் துணி விரித்து மூன்று கார்டுகளை வைத்தார். ஒன்றின் பேட்டரி பூரிபோல் உப்பியிருந்தது, அதை அவரே ஒதுக்கிவிட்டார். இன்னொன்று சின்னது. அதில் பேட்டரி கிடையாது, மெமரி கிடையாது. டிஸ்க்குகளை உள்ளது உள்ளபடி கம்ப்யூட்டரிடம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நாளைக்கு அது செத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டிப் படித்துவிடலாம். எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு இதே போதுங்க மாமா."

"அதுல என்னா இருக்கு மாப்ளே? ஒண்ணுமே இல்ல, வெறும் ஒயர நீட்டிவுட்ட மாதிரி. மூத்த மாப்ளைக்கு இதத்தான் குடுத்தேன்னு தெரிஞ்சா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

நாலு பேரில் இரண்டு பேர் அப்போதே கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள். அவர்களும் என் கையையே பார்த்தார்கள். ஒன்றுமே இல்லாததுதான் எனக்கு வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சின்னக் கார்டைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க மாமா, நேத்துக் குடுத்ததே இருக்கட்டும்" என்றேன்.

அந்தக் கார்டின் குணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அது படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, தன் கணக்குப்படி நாலு டிஸ்க்கிலும் பிரித்துப் போட்டுவிடும். ஒரு டிஸ்க் போனால் மற்ற மூன்றை வைத்துச் சமாளித்துக்கொள்ளும், அதில் கெட்டிக்காரன்தான். ஆனால் கார்டே போய்விட்டால் நாலு டிஸ்க்கும் நன்றாக இருந்தும் பயனில்லை. அதே இனத்துக் கார்டு இன்னொன்று கிடைத்தால்தான் எதையும் திரும்ப எடுக்க முடியும். இந்த இனமோ கம்பெனிக்காரர்களே செய்வதை நிறுத்திவிட்ட ஒன்று. இரண்டு டிஸ்க் போட்டால் போதாதா என்றதற்கு, "இந்தக் கார்டுக்கு நாலு போட்டாத்தான் மரியாத" என்று நாலாகவே கொடுத்து அனுப்பினார் மாமா.

சிதம்பரத்துக்கு வந்து மாட்டினேன். கொதித்தது. சர்வருக்குள் ஊளையிடும் விசிறிகளுக்கு நடுவில் வாழ்ந்து பழகியது, என் வீட்டுப் பெட்டிக்குள் அதற்கு மூச்சு முட்டியது. பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தேன். நான் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பேன், அது காற்று வாங்கும். சூடு ஏறினால் ஆம்புலன்ஸ் மாதிரிக் கத்தும், தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கழற்றி எறியலாம் என்றால் மாதா மாதம் மாமா வந்துவிடுவார். காபி குடிப்பதற்கு முன்னால் முன்னறைக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். "எப்பிடி ஓடுது?" என்பார். "நல்லா ஓடுதுங்க மாமா" என்பேன். மனைவி சமையலறையில் இருந்தபடியே என்னைப் பார்ப்பாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

தை மாதம் மச்சினிக்குக் கல்யாணம், திருவந்திபுரம் பெருமாள் கோயிலில். முகூர்த்த நாளில் அங்கே எத்தனை ஜோடி நிற்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பெண் எது, நம் மாப்பிள்ளை எது என்று கேமராவுக்குள் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. மூத்த மாப்பிள்ளை என்று என்னை நாலு தடவை மேளச் சத்தத்துக்கு நடுவில் சடங்குக்குக் கூப்பிட்டார்கள், நாலு தடவையும் கேமராவை, கூட வீடியோ எடுக்க வந்த நண்பனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். தாரை வார்க்கும்போது மாமா அழுதார். சத்தமில்லாமல், கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. எல்லாரும் பெண்ணையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவுக்குள் அவரைப் பார்த்தேன்.

சாயங்காலமே நண்பன் தன் மெமரி கார்டுகளைக் கேட்டான், மறுநாள் அவனுக்கு வேறு முகூர்த்தம். என்னுடையவையும் அடுத்த கல்யாணத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் அந்த நாலு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு மெமரி கார்டுகளைக் காலி செய்தோம். இந்தத் தொழிலில் எல்லாருமே அப்படித்தான் செய்கிறோம்.

அலமாரியில் வைக்க ஒரு டிஸ்க் வாங்கி நகல் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கே வாங்குவது? மாமாவிடம் கேட்டால், "அதான் நாலு இருக்கே, எதுக்கு?" என்பார். உங்கள் கார்டை நம்பவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சிதம்பரத்துக் கடையில் கேட்டேன். "என்னா சார், மாமனாரு கடைய வச்சிகிட்டு எங்ககிட்ட வர்றீங்க? எதாச்சும் மனஸ்தாபமா?" என்று சிரித்தார் கடைக்காரர். அவருக்கே சரக்கு மாமாவிடமிருந்துதான் வருகிறது. சாயங்காலத்துக்குள் கடலூருக்குச் செய்தி போய்விடும். சும்மா விலை விசாரித்தேன் என்று சொல்லி வந்துவிட்டேன். ஆன்லைனில் போட்டிருந்தால், பெட்டி வீட்டு வாசலுக்கு வரும் நேரம் மாமா உள்ளே காபி குடித்துக்கொண்டிருப்பார், என் அதிர்ஷ்டம் அப்படி. ஒரு டிஸ்க் வாங்க வழியில்லாமல் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். சிறையில் இருப்பவனுக்காவது கம்பி கண்ணுக்குத் தெரியும்.

சொந்தக்காரர் கல்யாணம் எப்போதுமே கடைசியில்தான் எடிட் ஆகும். காசு கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். மச்சினி கணவனோடு மஸ்கட் போய்விட்டாள். மாமியார் கேட்கவில்லை. மாமா மட்டும் ஒவ்வொரு போனிலும் கடைசியாக, "அந்தக் கல்யாண வீடியோ மாப்ளே... அவசரமில்ல" என்பார்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் கார்டு கத்தியது. நான் ஓடி வருவதற்குள் தானாகவே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன், கழற்றித் துடைத்து மாட்டினேன், வேறு ஸ்லாட்டில் மாட்டினேன். கம்ப்யூட்டர் எழுந்தது, கார்டு எழவில்லை. நாலு டிஸ்க்கும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றைக்கூடக் காணோம் என்றது திரை. மற்ற கல்யாணங்களைக் கொடுத்தாகிவிட்டது. கொடுக்காமல் இருந்தது மச்சினியின் கல்யாணம் ஒன்றுதான்.

மனைவி வந்து பார்த்தாள். "போயிடுச்சா?" என்றாள். "தெரியல" என்றேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அப்பாகிட்ட நேர்ல போய்ச் சொல்லிடலாம், போன்ல வேணாம்" என்று புடவை மாற்றக் கிளம்பினாள். முட்லூர், ஆலப்பாக்கம் என்று பஸ் நின்று நின்று போனது. வழிநெடுக எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. விவரம் தெரியாமல் ஒரு பொருளைச் சீர் என்று தலையில் கட்டிவிட்டாரே, இப்போது அவர் பெண்ணின் கல்யாணமே போச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடையில் மாமா தனியாக இருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பதறவே இல்லை. எழுந்து உள்ளே போனவர், அதே மாதிரி பளபளக்கும் உறை ஒன்றை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். அச்சு அசலாக அதே கார்டு.

"வாங்கறப்பவே ரெண்டா வாங்கி வச்சேன். வாங்க, போவலாம்" என்று ஷட்டரை இழுத்தார். பட்டப்பகலில் கடையை மூடுகிறாரே என்று பார்த்தேன். திருப்பி அனுப்ப வேண்டிய வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை.

எங்கள் வீட்டில் அவரே குனிந்து மாட்டினார். திரையில் கேள்வி வந்தது. இந்த டிஸ்க்குகள் வேறொரு கார்டுக்குச் சொந்தமானவை, ஏற்றுக்கொள்ளவா, அழித்துவிடவா? இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. என் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது. "மொதல்ல உள்ளது" என்றார் மாமா. அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எல்லா ஃபோல்டரும் வந்துவிட்டன. மனைவி சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள், அப்போதுதான் அழுதாள்.

தாரை வார்க்கும் இடத்தைப் போட்டேன். மாமா தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத வெட்டிடுங்க மாப்ளே" என்றவர், உடனே, "வேணாம், இருக்கட்டும்" என்றார்.

உயிர் திரும்பி வந்ததில் எனக்குத் தைரியமும் வந்துவிட்டது. இன்றைக்கே ஒரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு இந்தக் கார்டைக் கழற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"மாமா, கார்டு போனா அதே கார்டுதான் வேணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமயா இத்தினி வருசம் கட வச்சிருக்கேன்?"

"அப்பறம் ஏன் அந்தச் சின்னது வேணாம்னீங்க? எனக்கு அதுவே போதும்னு சொன்னேனே?"

அவர் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. திரையில் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

"அதக் குடுத்தா அதோட முடிஞ்சிது. எதாச்சும் வேணும்னா ஆன்லைன்ல போட்டுக்குவீங்க. இதுன்னா, என்னைக்கு இருந்தாலும் நீங்க எங்கிட்டதான வரணும்?"

ஆன்லைன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். வெட்கமோ வருத்தமோ இல்லாமல், விலை சொல்வதுபோலச் சொன்னார். மனைவி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொண்டிருந்தால் நினைத்ததைச் சொல்லியிருப்பேன்.

"ஃபேன் மட்டும் கொஞ்சம் பெருசா வேணும் மாமா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நாளைக்கே வாங்க, கடையில பாத்து எடுத்துக்கலாம்" என்றார்.

கல்யாண வீடியோவை அந்த வாரமே முடித்து மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டேன். கார்டு இன்னும் முன்னறையில் கொதித்துக்கொண்டிருக்கிறது, அவ்வப்போது கத்துகிறது, எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. அவருக்கு விவரம் தெரியாது என்று நினைத்திருந்தவரை, என்றைக்காவது ஒரு நாள் அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்ற நம்பிக்கையாவது எனக்கு இருந்தது.