வைக்கோல் அப்பாவும் வானத்து மாப்பிள்ளையும்

கல்யாண மண்டபத்தை விட்டு வெளியே வந்து, தாம்பூலப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன். பந்தி முடிந்துவிட்டது. பந்தி முடிந்த பிறகு ஓரிடத்தில் நிற்க எனக்கு என்றைக்குமே காரணம் இருந்ததில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம், மழையால் திருச்சியில் இறங்க முடியாமல் மேலே வட்டமடிக்கிறதாம். ஒரு பையன் அதைக் கைபேசியில் காட்டினான். கோலம் பழகும் பிள்ளையின் கை போல, ஒரு குட்டி விமானம் ஒரே வளையத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. "வெதர் சரியில்ல தாத்தா, இன்னும் கொஞ்ச நேரம் சுத்துவாங்க" என்றான். யாருக்கும் கவலையில்லை. தம்பி தாலி கட்டியதை அண்ணன்காரர் பிறகு வீடியோவில் பார்த்துக்கொள்வார்.

வழியில் ஒரு வைக்கோல் லாரி என்னைக் கடந்து போனது. மழையில் நனைந்த வைக்கோல். அந்த வாசனைக்கு உங்களுக்கு மாட்டுத்தொழுவம் ஞாபகம் வரலாம். எனக்கு என் அப்பா ஞாபகம் வருகிறது. பெற்ற அப்பா இல்லை. அவர் மதுரையில் ஒழுங்காக வாழ்ந்து ஒழுங்காகச் செத்தார். இவர் இரண்டாவது.

ஐம்பதுகளின் கடைசி. அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தேன். ஏழாம் வகுப்பில் பாதி வரை படித்திருந்தேன். மீதியை யாராவது படித்திருப்பார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டில் கோடை முழுதும் காவல் இருந்தேன். காவல்காரன் பழம் தின்னக்கூடாது என்பது முதலாளியின் கொள்கை. தானாக விழுந்த பழம் காவலுக்குள் அடங்காது என்பது என் கொள்கை. கொள்கை வேறுபாட்டால் பிரிந்தோம். அப்புறம் திருவரங்குளத்தில் ஒரு டீக்கடையில் எச்சில் கிளாஸ் கழுவினேன். புதுக்கோட்டையில் ஒரு விறகுக்கடையில் விறகு பிளந்தேன். ஐப்பசி பிறந்தபோது கையில் ஒன்றுமில்லாமல் தெற்கே நடந்தேன். ஐப்பசி என்று பெயர்தான், வானம் துடைத்து வைத்த பித்தளைத் தாம்பாளமாக இருந்தது. பசிக்குத் தண்ணீர் குடிக்கலாமென்றால் வழியில் எந்த ஊருணியிலும் தண்ணீர் இல்லை.

திருமயம் தாண்டி ஒரு ஊர். மேற்கே செட்டியார் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு தெருவில் புகுந்து அடுத்த தெருவில் முடியும் நீளம். கிழக்கே சம்சாரிகள் என்னும் உழவர்களின் மண்வீடுகள். நடுவில் ஒரு கண்மாய், அதன் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். கரையில் சம்சாரிகள் கூடியிருந்தார்கள். மீசை நரைத்த ஒருவர் என்னை நிறுத்தினார். ஊர் அம்பலக்காரர் அவர். அந்தப் பக்கம் ஊர்த்தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்.

"தம்பி எங்கிட்டுப் போறீங்க?"

"தெரியலைங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. சாப்புட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னதே இல்லை.

விஷயம் இதுதான். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். எவனோ ஒரு மகாபாவி ஊரில் இருப்பதால்தான் மழை வரவில்லை, அவன் செத்தால் வரும் என்று கணக்கு. அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, பழைய வேட்டி சுற்றி, பானையில் முகம் எழுதித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, சுடுகாட்டில் எரிப்பார்கள். எல்லாம் தயாராக இருந்தது. கொள்ளி வைக்க மகன்தான் இல்லை. ஊரையே கெடுத்த பாவிக்கு மகன் என்று பெயர் எடுத்தால் நாளைக்கு எவன் பெண் கொடுப்பான்? ஆகவே ஊர் பேர் தெரியாத ஒரு மகன் தேவைப்பட்டான். எனக்கும் அன்றைக்கு ஒரு வேளைச் சோறு தேவைப்பட்டது.

மொட்டையடிக்கும்போது நாவிதர் கேட்டார். "தகப்பனாரு இருக்காரா?"

"மதுரையில இருக்காருங்க."

"அப்ப இவரு ரெண்டாவது. தலைய ஆட்டாம இரு. ஆட்டுனா ஒரே நாள்ல ரெண்டு காரியம் ஆயிரும்."

வெள்ளையம்மா என்று ஒரு அம்மாள் ஒப்பாரி வைத்தாள். அந்த வைக்கோல் மனிதரின் நல்ல குணங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்லவரை மகாபாவி என்கிறார்களே என்று இருந்தது. அவள் இடையில் நிறுத்தி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ ஏன்டா அழுவுற? வேசம் கட்டுனா கொள்ளிச் சட்டிய ஒழுங்காப் பிடி" என்றாள்.

நடுப்பகலுக்குக் கொள்ளி வைத்தேன். வைக்கோல் என்பதால் அப்பா சீக்கிரம் எரிந்துபோனார். சாம்பல் அடங்குவதற்குள் வடக்கே கருத்தது. கரைக்குத் திரும்பி வந்து இலையில் சோற்றைப் போட்டு நான் கை வைக்கும்போது முதல் சொட்டு குழம்பில் விழுந்தது. பிறகு மழை, ஊரே கண்ணுக்குத் தெரியாத மழை. அம்பலக்காரர் என் மொட்டையைத் தடவிப் பார்த்தார். அந்த வயது வரை என் தலையை யாரும் அவ்வளவு மரியாதையாகத் தொட்டதில்லை.

அப்போதுதான் மேகத்துக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. வடக்கே போனது. தேய்ந்தது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"யாரோ மேல மாவு மில்லு ஓட்டுறாப்புல இருக்கு" என்றான் ஒருவன்.

"செட்டியார் வீட்டு மாப்பிள்ளைடா. கொழும்புலேருந்து ஏரோப்ளேன்ல வாறாரு. எறங்க வழி தெரியாம சுத்துறாரு."

அன்றைக்கு எங்கள் பக்கத்து வானத்தில் விமானம் என்றால் அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். மேற்குத் தெருவில் பெரிய வீட்டு ஆச்சியின் மகன் அண்ணாமலைக்கு மறுநாள் காலையில் பக்கத்து ஊரில் முகூர்த்தம். கொழும்புக் கடையிலிருந்து கப்பலும் ரயிலுமாக வந்திருந்தால் இரண்டு நாள் முன்பே வந்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். கல்யாண மாப்பிள்ளை விமானத்தில் இறங்கினால்தான் அழகு என்று, அன்றைக்குத்தான் திருச்சிக்கு விமானம் ஏறினார். திருச்சி மேலே இடியும் மின்னலும். இறங்க முடியாமல் தெற்கே வந்து, தன் வீட்டு ஓட்டுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"நிறுத்தச் சொல்லுவாக பாரு, மழைய" என்றார் அம்பலக்காரர். "அவுக பிள்ளைக்கு எறங்க எடமில்ல. எங்க நாத்துக்கு எந்திரிக்கத் தண்ணியில்ல. சுத்தட்டும்."

இதில் சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. பெண்ணைப் பெற்றவர் காலையிலிருந்தே ஆச்சி வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். பந்தல் போட்டாயிற்று, ஊரைக் கூட்டியாயிற்று, முகூர்த்தத்தைத் தவற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வராவிட்டால்? ஆச்சியின் கொழுந்தன் மகன் சிதம்பரம் இருக்கிறானே. ஒரே வீட்டுப் பிள்ளைதானே. விமானம் சுற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள் சிதம்பரம் சவரம் செய்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிவிட்டான் என்று கண்மாய்க்கரை வரைக்கும் செய்தி வந்தது. ஆச்சிக்கு வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகன். ஒரு நல்ல மழைக்கு மகனின் கல்யாணம் பங்காளி வீட்டுக்குப் போகப் பார்த்தது.

அந்தச் சிதம்பரமே குடை பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தான். "கொள்ளி வச்சவன் யாரு? பெரியாத்தா கூப்புடுறாக. கையோட கூட்டியாரச் சொன்னாக."

"எதுக்கு?" என்றார் அம்பலக்காரர்.

"எனக்கென்ன தெரியும். அவுகளுக்கு மழை மேல கோவம்."

சொன்னபடியே என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரே குடையில் இருவரும் நடந்தோம். தலையில் தேங்காயெண்ணெய் மணக்க அவன், சாம்பல் வழிய நான். பெய்த மழையைத் திருப்பி வாங்கிவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் அம்பலக்காரர் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தார்.

யார், எவன் என்று கேட்காமல் அந்த மாதிரி வீட்டுக்குள் என்னை விட்டது அன்று ஒரு நாள்தான். ஆச்சி நிலைப்படிக்கு உள்ளே நின்று, "உள்ள வாப்பா, நனையாத" என்றாள். போனேன். முகப்பு தாண்டி, உள்முற்றத்து வளவில் நிறைத்து வைத்திருந்த கல்யாணச் சீர்வரிசைக்கு நடுவில் நின்றேன். வேட்டியிலிருந்து கரித்தண்ணீர் பளிங்குத் தரையில் ஓடியது. பெண்ணைப் பெற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சுடுகாட்டுலேருந்து நேரா வாறியா?" ஆச்சி கேட்டாள்.

"ஆமா ஆச்சி."

"கொள்ளி வச்சது நீதான?"

"நாந்தான்."

"குளிச்சியா?"

"மழையில நனைஞ்சேன் ஆச்சி."

"அது குளியல் ஆகாது" என்றாள். பிறகு பெண்ணைப் பெற்றவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவேயில்லை. "பாத்தியளாண்ணே. கல்யாண வீட்டுல தீட்டுப் பட்டுப்போச்சு. சிதம்பரமும் கையத் தொட்டுக் கூட்டியாந்துட்டான். இனி இந்த வீட்டுப் பிள்ளை எவனும் நாளைக்கு மாலை போட ஆகாது. வேற முகூர்த்தம் பாருங்க."

சிதம்பரம் என் கையை விட்டான். கொஞ்சம் முன்னாலேயே விட்டிருக்கலாம்.

பெண்ணைப் பெற்றவர் காப்பியைக் கீழே வைத்தார். "என்ன ஆச்சி இது. வைக்கோலுக்கு ஏது தீட்டு?"

"வைக்கோலா?" வாசலில் நின்ற அம்பலக்காரர் குறுக்கிட்டார். "வைக்கோல்னா வெளிய பெய்யிறது என்னங்க? எங்க பொம்பளைக காலையிலேருந்து மாரடிச்சது வைக்கோலுக்கா? செத்தது செத்ததுதான். ஊரே சொல்லும்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் ஆச்சி. மேற்குத் தெருவும் கிழக்குத் தெருவும் அதற்கு முன் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாப்பிள்ளை வரவில்லை என்றால் பெண்ணைப் பெற்றவர் கேள்வி கேட்கலாம். தீட்டு என்று வந்த பிறகு யாரைக் கேட்பது? யாரும் சாகவில்லை என்று நிரூபிக்க, செத்தவரே எரிந்து போயிருந்தார். கடைசியில் பஞ்சாங்கம் வந்தது. பத்து நாள் தள்ளி இன்னொரு நல்ல நாள் இருந்தது. மேலே ஒரு தரம் சத்தம் கேட்டு, வடக்கே போய், திரும்பவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். ஆச்சி மட்டும் தரையில் ஓடிய கரித்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம் சென்னைக்குப் போய் இறங்கிவிட்டதாகத் தந்தி வந்தது. அண்ணாமலை ரயிலில், ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து சேர்ந்தார். பிற்பாடு ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "ஜன்னல்ல பாத்தா வெள்ளையாத்தான் இருந்துச்சு. காப்பி குடுத்துக்கிட்டே இருந்தாங்க. ஊருக்கு மேலதான் இருந்தேன்னு சொல்லியிருந்தா வாந்தியாவது எடுக்காம இருந்திருப்பேன்." அந்தப் பத்தாம் நாள் அதே பெண்ணுக்கு அவரே மாலையிட்டார். சிதம்பரம் அன்றைக்குப் பந்தியில் சாம்பார் ஊற்றினான். எனக்கு மட்டும் ஊற்றாமல் போனான்.

இப்போது அந்த வீட்டின் தூண்களும் கதவுகளும் எந்தெந்த ஊர் ஓட்டல்களில் நிற்கின்றனவோ. கொடும்பாவி இழுக்கிறவர்கள் இல்லை. இழுத்தாலும் கட்சித் தலைவர் முகத்தைத்தான் எழுதுகிறார்கள், மழையைப் பற்றி அதில் பேச்சு இல்லை. விமானச் சத்தம் கேட்டால் மாடுகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாமதமானால் வெதர் என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். வெதரைக் கூப்பிட்டு வீட்டுக்குள் நிறுத்தி, குளித்தாயா என்று கேட்க முடியுமா? அன்றைக்கு மழைக்கும் ஒரு ஆள் இருந்தான். அவனுக்கு ஒரு மொட்டைத் தலை இருந்தது, பசி இருந்தது, பேசிப் பார்க்க முடிந்தது.

நான் அன்று சாயங்காலமே கிளம்பியிருப்பேன். மழை விடவில்லை. ஆச்சி வீட்டு எருமைத் தொழுவத்தில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் அவளே தொழுவத்துக்கு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எங்கிட்டும் போயிறாத. தீட்டுக்காரன் மறுநாளே சிரிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டான்னு தெரிஞ்சா அண்ணே சும்மா இருக்க மாட்டாரு. எம் மகன் வர்ற வரைக்கும் இரு."

"என்ன வேலை ஆச்சி செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. துக்கமா இரு. நாலு பேரு கண்ணுல படுற மாதிரி இரு."

"சாப்பாடு?"

"மூணு வேளையும் வரும். ருசியா இருந்தா மூஞ்சியில காட்டாத."

இதற்கு முன் சேர்ந்த வேலைகளிலெல்லாம் இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று கேட்டார்கள். ஆச்சி கேட்கவில்லை. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி தொழுவத்து வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, அந்தக் காலையிலேயே வேலையில் சேர்ந்துவிட்டேன்.