நேற்று மாதிரியே

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு ‘ஸேம் அக்கா’ என்று பெயர். பெயர் வைத்தது சமையலறைக்காரர்கள். அவர்களுக்கு வேலை கொஞ்சம் குறைந்தால் போதும், யாருக்காவது பெயர் வைத்துவிடுவார்கள்.

மாலையில் ஆள் மாறும்போது, பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டவர்கள் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் முன்னால் வரிசையாக நின்று, தங்கள் பொறுப்பில் இருக்கும் முதியவர்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு பாஷை. பெரிய சிஸ்டருடையது இன்னொன்று. அதனால் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். இவள் பொறுப்பில் நாலு பேர். நாலு பேருக்கும் இவளிடம் ஒரே வாக்கியம்தான் இருந்தது: “ஸேம் அஸ் எஸ்டர்டே.” நேற்று மாதிரியே இருக்கிறார், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

வந்த புதிதில் இப்படி இல்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லத்தான் பார்த்தாள். அப்போது இவளிடம் ஒரு தாத்தா இருந்தார். எந்நேரமும் ரேடியோவைக் காதில் வைத்திருப்பார், அதனால் ரேடியோ தாத்தா. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டதை அப்படியே வாந்தி எடுத்துவிட்டார். அதற்கு ‘த்ரோ’ என்ற சொல்லோடு இன்னொரு குட்டிச் சொல் சேர்க்க வேண்டும் என்பது வரைக்கும் இவளுக்குத் தெரியும். எந்தக் குட்டிச் சொல் என்பதில்தான் சறுக்கல். ‘அப்’ போட வேண்டிய இடத்தில் ‘அவே’ போட்டாள். தாத்தா சாப்பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று பெரிய சிஸ்டர் எடுத்துக்கொண்டார். நேராகப் போய், சாப்பாட்டின் அருமை தெரியாதா என்று அவரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அதே இல்லத்தில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் இவளுடைய நாத்தனார், புருஷனுக்கு அக்கா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவள் அதை நடித்தே காட்டினாள். புருஷனும் சிரித்தான். அவர்கள் சிரித்ததைக்கூட இவள் மறந்திருப்பாள். தாத்தா தலையைக் குனிந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

இந்த ஆங்கிலத்தைப் பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். ‘கிவ்’ என்றால் கொடு. நல்ல பெண். ‘அப்’ கூட வந்தால் கைவிடு என்கிறாள். ‘இன்’ கூட வந்தால் பணிந்து போ என்கிறாள். ‘அவே’ கூட வந்தால் சும்மாவே கொடுத்துவிடு என்கிறாள். சேர்க்கை சரியில்லாத பெண்ணை என்ன சொல்லித் திருத்துவது? தமிழில் மட்டும் என்ன வாழ்ந்தது, விட்டுக்கொடுப்பவரும் காட்டிக்கொடுப்பவரும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் அது பால் குடித்த நாளிலிருந்து வாயில் ஊறினது. நாற்பதைத் தாண்டி ஏறினது அல்ல.

பாவம், அவள் முயற்சி செய்யாமலும் இல்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் பாடம் கேட்டாள். ஸீ, லுக், வாட்ச், மூன்றும் பார்ப்பதுதான், ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று உட்காராது என்றார்கள். கற்றுக்கொள்ளக் கொள்ளச் சந்தேகம்தான் கூடியது. முன்பு ஒரு தப்புச் சொல்தான் வாயில் வரும், இப்போது நாலு வந்து நின்று எது சரி என்று கேட்டன. சூடு பட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. அவளும் ஒரு வாக்கியத்தோடு ஒதுங்கிக்கொண்டாள். அதில் தப்பே வராது. பெரும்பாலான நாட்களில் அது உண்மையாகவும் இருந்தது. வயதானவர்களின் நாட்கள் ஒன்றைப் போலத்தானே ஒன்று போகின்றன.

இவளுடைய நாலு பேரில் ஒருத்தி பட்டன் அம்மா. அதிகம் பேசமாட்டாள். ஆனால் காலையில் ஸ்வெட்டருக்குப் பட்டன் போட மட்டும் யாரையும் விடமாட்டாள். நடுங்கும் விரல்களால் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டு முடித்து, கடைசி பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதுவரைக்கும் இவள் பொறுமையாக நிற்பாள். அந்த அம்மாவின் மேல் இவளுக்குத் தனிப் பிரியம். சொந்த அம்மா போனபோது பக்கத்தில் இருக்க முடியாதவளுக்கு வேறென்ன இருக்கும்?

ஒருநாள் காலையில் பட்டன்கள் ஒரு துளை தள்ளிப் போயிருந்தன. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு டம்ளரை எடுத்தாள், வலது கை அதைப் பிடிக்காமல் விட்டுவிட்டது. இவள் குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கூப்பிட்டாள், பதில் இல்லை. தோளைத் தொட்டாள், அதற்கும் இல்லை. கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல இவளைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வந்த மாதிரி இருந்தது.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடிப் போய் என்ன சொல்வது என்றுதான் யோசித்தாள். மாலையில் வரிசையில் நின்றபோதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. அம்மா விழவில்லையே. ‘டோஸ் ஆஃப்’ என்றால் கண் அயர்வது. கண் திறந்துதானே இருந்தது. ‘பிளாக் அவுட்’ என்று ஒன்று, அது கரண்ட் போவதற்கா மனுஷருக்கா? ‘பாஸ்’ கூட ‘அவே’ சேர்த்துவிட்டால் அம்மாவைக் கொன்றதாகிவிடும், அது மட்டும் நன்றாகத் தெரியும். பின்னால் நின்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் பேனாவால் மேஜையைத் தட்டினார். சமையலறைக் கதவில் ரெண்டு பேர் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஸேம் அஸ் எஸ்டர்டே” என்றாள் இவள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம், அதற்குள் சரியான சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

காலையில் போனபோது பட்டன் அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. விடிகிற நேரத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது, ஆம்புலன்ஸில் கொண்டு போயிருக்கிறார்கள் என்று விரிப்பு மாற்றுகிறவள் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போன் செய்திருந்தாராம். இது எப்போது தொடங்கியது, கடைசியாக அந்த அம்மா சரியாக இருந்தது எப்போது? அது தெரிந்தால்தான் எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் வரை நன்றாக இருந்தார் என்று பெரிய சிஸ்டர் பதில் சொல்லிவிட்டார். யார் சொன்னதை நம்பிச் சொன்னார் என்பது இவளுக்குத் தெரியும்.

நாத்தனார் இவள் முகத்தைப் பார்த்ததுமே கையைப் பிடித்துத் துணி அடுக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்ன ஆச்சு? எதுக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?”

“அண்ணி, நேத்து மத்தியானமே அந்தம்மாவுக்கு என்னமோ ஆச்சு. நான் பாத்தேன். சொல்லல.”

நாத்தனார் கதவைச் சாத்தினாள். “யாருக்காவது தெரியுமா?”

“இல்ல.”

“அப்ப வாயத் தொறக்காத. வயசானவங்க, வர்றது வரத்தான் செய்யும். நீ போய் ஒளறி வச்சேன்னா உன் வேலையும் போகும், சிபாரிசு பண்ணின என் தலையும் உருளும். என் தம்பி ஒருத்தன் சம்பளத்துல வீடு நடக்குமா? யோசிச்சுப் பாரு.”

“டாக்டர் எப்பலேர்ந்துன்னு கேக்கறாராமே அண்ணி.”

“கேக்கட்டும். நீ என்னன்னு போய்ச் சொல்லுவ? வாந்தியவே உன்னால ஒழுங்காச் சொல்ல முடியல.”

அது சுருக்கென்று தைத்தது. நாத்தனார் கெட்டவள் அல்ல, பயந்தவள். சொன்னதில் பொய்யும் இல்லை. சம்பளம் போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது இவளுக்கும் தெரியாததில்லை. ஆனால் எங்கோ ஒரு கட்டிலில் அந்த அம்மா வாய் பேச முடியாமல் கிடக்கிறாள், இவள் சொன்ன பொய்யை வைத்து மருந்து கொடுக்கிறார்கள்.

“சொல்லத் தெரியாட்டியும் சொல்லித்தான் ஆகணும் அண்ணி” என்று கதவைத் திறந்துகொண்டு போனாள்.

பெரிய சிஸ்டரின் அறையில் பட்டன் அம்மாவின் மகன் உட்கார்ந்திருந்தார். சமையலறைக்காரர் ஒருவர் அவருக்குக் காபி வைத்துக்கொண்டிருந்தார். இவள் உள்ளே போய், “மேடம், எஸ்டர்டே” என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. நாலு சொல்லும் மறுபடி வந்து வரிசை கட்டி நின்றன. மூன்று பேரும் இவளையே பார்த்தார்கள்.

இவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை வலது கையால் எடுத்தாள். விரல்களைத் தளர்த்தினாள். டம்ளர் உருண்டு மேஜையெல்லாம் தண்ணீர் ஆனது. எதிர்ச் சுவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் இடது கையாலேயே தன் தோளைத் தொட்டு உலுக்கினாள், கண்ணை அசைக்கவில்லை. பிறகு மெல்லத் திரும்பி ஒரு பக்கமாகச் சிரித்தாள். கடிகாரத்தைக் காட்டி, “ஆஃப்டர் லஞ்ச்” என்றாள். கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பெரிய சிஸ்டர் அதற்குள் போனை எடுத்திருந்தார். நேற்று மத்தியானத்திலிருந்து, வலது கை, பார்வை, முகம் என்று டாக்டரிடம் ஒன்றையும் விடாமல் சொன்னார். எல்லாம் இவள் காட்டியதுதான். மகன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

போனை வைத்துவிட்டுப் பெரிய சிஸ்டர் இவளைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று இவளுக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் தேவலை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

இதை நீ நேற்றே என்னிடம் காட்டியிருக்கலாமே?

அதில் இவளுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.