திருப்பிப் போட்ட பலகை

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் தேவமலரும் அவருடைய கணவர் ஐங்கரனும் வாங்கிய ஒடுக்கமான வீட்டுக்கு வயது நூறைத் தாண்டும். மாடிக் குளியலறையின் தரை பலகையால் ஆனது. அதன்மேல் யாரோ எப்போதோ ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்பு. பெப்ரவரியில் ஒரு காலை, சலவை இயந்திரத்தின் ஒரு கால் விரிப்போடு உள்ளே இறங்கிவிட்டது. விரிப்பை உரித்துப் பார்த்தால், குழாய் கசிந்து நான்கு பலகைகள் உக்கிப் போயிருந்தன.

டைல்ஸ் பதிக்கும் கிறிஸ்ரியன் வந்து, பலகைக்குக் கீழே இருந்த உத்தரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அவை நல்ல உறுதியாகத்தான் இருந்தன.

"பழுதான பலகைகளை மாற்றி, மேலே பிளைவுட் அடித்து வையுங்கள். தரை துள்ளினால் டைல்ஸ் வெடிக்கும். துள்ளுகிற தரையில் நான் பதிக்க மாட்டேன்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லி, மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

தச்சர்களுக்குத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டுப் பார்த்தார்கள். யூன் மாதத்துக்கு முன் ஒருவருக்கும் நேரமில்லை. ஐங்கரனுக்கோ முதுகில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதம். குனியக்கூடாது.

"நான் போடுறன்" என்றார் தேவமலர்.

"உமக்கு ஏலுமோ?"

"ஏலாட்டிப் பிறகு பாப்பம்."

தேவமலருக்கு ஐம்பத்து மூன்று வயது. காலையில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. பின்னேரங்களில் சட்டை தைப்பார். ஊன்ட்றொப் ஊர் அம்மன் கோயில் திருவிழா நெருங்கினால், சேலையோடு வரும் சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வருவார்கள். மரம் அறுத்துப் பழக்கமில்லை. அளந்து வெட்டுவது இருபத்து நான்கு வருடப் பழக்கம்.

உக்கிய பலகைகளை மாற்றவே இரண்டு சனிக்கிழமைகள் போயின. பிளைவுட்டில் முதல் இரண்டு துண்டுகள் சுகமாக அமைந்தன. மூன்றாவதுதான் சிக்கல். அந்தப் பக்கச் சுவர் கோணல். கொமட்டைக் கழற்றிய இடத்தில் கழிவுக்குழாய் வேறு நீட்டிக்கொண்டு நின்றது. தேவமலர் பழைய பத்திரிகைகளை ஒட்டி விரித்து, மூலைகளை நகத்தால் அழுத்தி, குழாயைச் சுற்றி வெட்டி, ஒரு கடதாசி மாதிரி எடுத்தார். ஈரத்தில் மரம் ஊதும் என்று கிறிஸ்ரியன் சொல்லியிருந்ததால், சுவரோரம் ஒரு பென்சில் தடிப்புக்கு இடைவெளி விட்டார். மாதிரியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்துக் கோடிழுத்து, இரவல் மின்வாளால் அறுத்தார்.

மேலே கொண்டுவந்து வைத்தபோது, குழாய் கதவுப் பக்கம் நின்றது, துளை சுவர்ப் பக்கம் இருந்தது. கடதாசியைக் கவிழ்த்துப் போட்டு வெட்டியிருக்கிறார். பத்திரிகையில் இரண்டு பக்கமும் எழுத்துத்தானே!

தேவமலர் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுட்டது. நல்ல பலகை, பிழையாக அறுத்தாகிவிட்டது.

நடையில் கதிரை போட்டிருந்த ஐங்கரன், "இன்னொண்டு வாங்குவம், விடும்" என்றார்.

தேவமலர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பக்கம் வழவழவென்று ரேகையோடிக் கிடந்தது. புரட்டிப் பார்த்தார். மறுபக்கம் கணுக்களும் ஒட்டுகளும்.

"இஞ்சேருங்கோ, டைல்ஸுக்குக் கீழ எந்தப் பக்கம் கிடந்தா ஆருக்குத் தெரியப்போகுது?"

அப்படியே திருப்பி இறக்கினார். குழாய் துளைக்குள் சரியாகப் புகுந்தது. ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்கப் பண்ணாதையும், முதுகு நோகுது" என்றார் ஐங்கரன்.

பிறகு கையகலத்துக்கு ஒன்றாகத் திருகாணிகள். முடியும்போது உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள்.

வியாழக்கிழமை கிறிஸ்ரியன் வந்தார். குளியலறையின் நடுவில் நின்று, குதிக்காலைத் தூக்கி இரண்டு தரம் ஊன்றிப் பார்த்தார். தரை துள்ளவில்லை. மட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு கணுக்கள் தெரிந்த துண்டைக் காட்டி, "இதில் மட்டும் ஏன் நல்ல பக்கத்தைக் கீழே போட்டீர்கள்?" என்று கேட்டார்.

தேவமலர் நடந்ததைச் சொன்னார். அந்த மனிதரும் வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் ஒரு முறை அப்படி அறுத்தேன். திருப்பலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பலகையை எறிந்துவிட்டேன்" என்று சொல்லி, தண்ணீர் இறங்காமல் பூசும் கலவையின் வாளியைத் திறந்தார்.

அடுத்த சில நாட்கள் இரண்டு தெரு தள்ளியிருந்த சிவசக்தி அக்கா வீட்டில்தான் குளியல். கிறிஸ்ரியன் வேலையை முடித்து, காயும்வரை மிதிக்க வேண்டாம் என்று சொன்ன நாட்கள் கழிந்ததும், தேவமலர் வெறுங்காலோடு உள்ளே போனார். சாம்பல் நிற டைல்ஸ் குளிர்ந்திருந்தது. இங்குமங்கும் நடந்து பார்த்தார். ஓரிடமும் அசையவில்லை.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்து நிண்டு பாருங்கோ" என்று கூப்பிட்டார்.